வீட்டில் சீஸ் ஃபொண்டூ: சீஸ் தேர்விலிருந்து அடிக்காந்தல் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சீஸ், வெள்ளை வைன், ஒரு பல் பூண்டு, சிறிது மாவு, காய்ந்த ரொட்டி ஆகியவை மட்டும் சேரும் ஓர் உணவு தவறிப்போக இடமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் வைனில் உருக்கிய சீஸ் குழம்பில் ரொட்டியைத் தோய்த்து உண்ணும் இந்த ஃபொண்டூவை முதன்முறையாகச் செய்யும் பலருடைய பானையில் மேலே எண்ணெய் மிதக்கிறது, அடியில் ரப்பர் போன்ற கட்டி ஒன்று கரண்டியோடு சேர்ந்து சுற்றுகிறது. வெண்ணெய் உருகுவதைப் போல சீஸ் உருகுவதில்லை என்பதே இதற்குக் காரணம். சீஸில் கொழுப்பு, நீர், கேசீன் என்னும் பால் புரதம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. சூட்டில் அந்தப் பிடி தளர்ந்தால் அவை தனித்தனியே பிரிந்துவிடும். அவற்றைப் பிரியாமல் வைத்திருப்பதுதான் ஃபொண்டூ செய்பவரின் வேலை. கீழே சொல்லப்படும் அளவுகளும் வரிசையும் சூடும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே அமைந்தவை.

இது சுவிட்சர்லாந்தின் உணவு, குறிப்பாக அந்நாட்டின் பிரெஞ்சு பேசும் மேற்குப் பகுதியோடு சேர்த்துப் பேசப்படுவது. ஆனால் வைனில் சீஸைக் காய்ச்சும் பழைய செய்முறை ஒன்று, ஜெர்மன் பேசும் சூரிச் நகரில் அன்னா மார்கரெத்தா கெஸ்னர் என்பவரின் 1699ஆம் ஆண்டுச் சமையல் குறிப்பேட்டில் காணப்படுகிறது. இன்று இதை நாட்டின் தேசிய உணவு என்று எல்லோரும் சொல்வதற்குப் பின்னால் வணிகமும் இருக்கிறது. 1914இல் உருவான சுவிஸ் சீஸ் யூனியன் என்ற அமைப்பு, சீஸ் விற்பனையைப் பெருக்குவதற்காக 1930களில் ஃபொண்டூவை நாடு முழுவதற்கும் பொதுவான உணவாக விளம்பரப்படுத்தியது. அந்த அமைப்பு 1999இல் கலைக்கப்பட்டுவிட்டது. உணவு மட்டும் குளிர்காலந்தோறும் வீட்டு மேசைகளில் தொடர்கிறது.

எந்தச் சீஸ்

செய்முறை எதுவானாலும் சீஸ்தான் சுவையைத் தீர்மானிக்கும் என்பதால் செலவைக் குறைக்க வேண்டிய இடம் இதுவன்று. ஒருவருக்கு 200 கிராம் என்பது சுவிஸ் வீடுகளில் வழக்கமான கணக்கு. நான்கு பேருக்கு 800 கிராம். முதல் முறை உண்பவர்களாக இருந்தால் 150 கிராமே போதும், ஏனெனில் இது வயிற்றை விரைவில் நிறைத்துவிடும்.

மிகவும் புகழ்பெற்ற கலவை ஃப்ரிபூர் மாநிலத்துடையது. குருயேர் பாதி, வாஷ்ரான் ஃப்ரிபூர்ஷ்வா பாதி என்பதால் அதற்கு 'முவாத்தியே-முவாத்தியே', அதாவது பாதிக்குப் பாதி என்று பெயர். குருயேர் கெட்டியானது, கொட்டைப் பருப்பின் மணமும் உப்பும் கொண்டது. வாஷ்ரான் மென்மையானது, பாலேட்டின் சுவையும் இலேசான புளிப்பும் உடையது. ஒன்று சுவையைத் தருகிறது, மற்றொன்று வழவழப்பைத் தருகிறது. நெஷாத்தெல் மாநில முறையில் குருயேருடன் எம்மென்டால் சேரும்; இக்கலவை சற்றே இனிப்பாகவும் அதிகம் இழுபடுவதாகவும் இருக்கும். கிழக்கு சுவிட்சர்லாந்தில் மணம் மிகுந்த அப்பென்செல்லரைச் சேர்த்து, வைனுக்குப் பதிலாகப் புளித்த ஆப்பிள் சைடர் ஊற்றுவதும் உண்டு.

குருயேரின் வயதையும் கவனிக்க வேண்டும். குறைந்தது ஐந்து மாதங்கள் முதிர்ந்த பின்னரே அது விற்பனைக்கு வருகிறது. ஓராண்டுக்கு மேல் முதிர்ந்ததும் கிடைக்கும். நன்கு முதிர்ந்த சீஸில் மணம் அதிகம், ஆனால் அதன் புரதங்கள் சிறு துண்டுகளாக உடைந்துவிட்டிருப்பதால் கொழுப்பைப் பிடித்து வைக்கும் திறன் குறைவு. முழுவதும் அதையே பயன்படுத்தினால் குழம்பு மணல்மணலாகத் திரியக்கூடும். ஆகவே 400 கிராம் குருயேரில் 300 கிராம் இளையதும் 100 கிராம் முதிர்ந்ததுமாக எடுத்துக்கொள்வது என் பரிந்துரை.

இவை கிடைக்காத ஊர்களில் இளம் கூடா, எம்மென்டால் வகைச் சீஸ் ஆகியவற்றைக் கலந்து செய்யலாம். சுவை அதுவாக இருக்காது, ஆனால் பக்குவம் வரும். மொத்தரெல்லாவை மட்டும் நம்பக் கூடாது. அது கயிறாகத் திரண்டுவிடும். பனீர் எவ்வளவு சூடேற்றினாலும் உருகாது, ஏனெனில் சூடான பாலை அமிலத்தால் திரித்துச் செய்யப்படும் பனீரின் புரதக் கட்டமைப்பே வேறு. கடையில் கிடைக்கும் பதப்படுத்திய சீஸில் இரண்டு துண்டுகளைச் சேர்த்தால் குழம்பு பிரியாமல் காக்க அது உதவும். அதில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் ஏற்கெனவே சேர்ந்திருப்பதே காரணம். அந்தப் பதப்படுத்திய சீஸை 1911இல் முதன்முதலில் உருவாக்கியவர்களும் சுவிட்சர்லாந்தின் தூன் நகரத்தைச் சேர்ந்த வால்ட்டர் கெர்பர், ஃபிரிட்ஸ் ஷ்டெட்லர் என்னும் இருவர்தாம்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. மரபான குருயேர் சீஸில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட் பயன்படுகிறது. அதைத் தவிர்க்க விரும்பினால், நுண்ணுயிர் ரென்னெட் கொண்டு செய்யப்பட்டதாக உறையில் குறிப்பிட்டுள்ள சீஸைத் தேட வேண்டும்.

மற்றப் பொருள்கள், நான்கு பேருக்கு

புளிப்பு மிகுந்த, இனிப்பற்ற வெள்ளை வைன் 350 மில்லிலிட்டர் வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஷாஸ்லா திராட்சையிலிருந்து செய்யும் வைன்களையே, அதிலும் வலே மாநிலத்தின் ஃபான்டான் வைனையே பலரும் எடுப்பார்கள். வைன் இங்கே மணத்துக்காக மட்டும் சேர்வதில்லை. சீஸில் கேசீன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கட்டி வைத்திருப்பது கால்சியம். வைனில் உள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அந்தக் கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் புரதம் தளர்ந்து, திரளாமல் பரவுகிறது. இனிப்பான வைன் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது.

மது சேர்க்காத வீடுகளில் காய்கறிகளை வேகவைத்து வடித்த, உப்புக் குறைந்த சாறு 350 மில்லிலிட்டருடன் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்துச் செய்யலாம். சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் சாறும் நீரும் சம அளவில் கலந்து, அதே அளவு எலுமிச்சை பிழிந்தாலும் நன்றாக வரும். கொதிக்கும்போது மது முழுவதும் ஆவியாகிவிடும் என்று சொல்வது சரியன்று. குறைந்த சூட்டில் குறுகிய நேரமே சமைக்கப்படும் இந்த உணவில் குறிப்பிடத்தக்க அளவு தங்கிவிடும் என்பதால், குழந்தைகளுக்கும் மதுவை விலக்குபவர்களுக்கும் தனியாகச் செய்வதே முறை.

அடுத்தது கார்ன்ஃப்ளவர். வெள்ளை வெளேரென்று இருக்கும் ஸ்டார்ச்தான் வேண்டும், மஞ்சள் மக்காச்சோள மாவு இதற்கு ஆகாது. பழைய செய்முறைகள் மூன்று அல்லது நான்கு தேக்கரண்டியோடு நின்றுவிடுகின்றன; கை பழகியவர்களுக்கு அது போதும். சூரிச்சின் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஃபொண்டூ மீளமுடியாதபடி பிரிந்துபோவதைத் தடுக்க மொத்த எடையில் 3 விழுக்காடு ஸ்டார்ச் வேண்டும் என்று கண்டது. நம் அளவுக்கு அது ஏறத்தாழ 35 கிராம், அதாவது தலைதட்டிய நான்கு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். புதிதாகச் செய்பவர்கள் 30 கிராமாவது சேர்த்துவிட்டு, குழம்பு கெட்டியானால் வைனை 400 மில்லிலிட்டர் வரை கூட்டிக்கொள்ளலாம். மாவின் சுவை மிக இலேசாகத் தெரியும். பிரிந்துபோன ஃபொண்டூவைவிட அது எவ்வளவோ மேல்.

இவற்றுடன் ஒரு பல் பூண்டு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, செர்ரிப் பழத்திலிருந்து வடிக்கும் கிர்ஷ் என்னும் மது 20 மில்லிலிட்டர், புதிதாக இடித்த மிளகு, சிறிது துருவிய ஜாதிக்காய் ஆகியவை போதும். கிர்ஷை விட்டுவிட்டாலும் பக்குவம் குறையாது. உப்புச் சேர்க்கத் தேவையில்லை, சீஸிலேயே இருக்கிறது.

ரொட்டி

ஒருவருக்கு 200 கிராம் என்று வைத்துக்கொண்டு, முந்தைய நாள் சுட்ட, மேலோடு கெட்டியான ரொட்டியை வாங்க வேண்டும். பாக்கெட்டில் துண்டுகளாக வரும் மென்மையான ரொட்டி, குழம்பில் தோய்ந்தவுடன் முள்கரண்டியிலிருந்து கழன்றுவிடும். இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டும்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் மேலோடு இருக்கும்படி வெட்ட வேண்டும். மென்பகுதி வழியாகக் குத்தி, முனை மேலோட்டில் பதியும்படி நிறுத்தினால் துண்டு விழாது. வெட்டிய துண்டுகளை அரைமணி நேரம் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. தோலோடு வேகவைத்த சிறு உருளைக்கிழங்கு, வினிகரில் ஊறிய சிறு வெள்ளரிக்காய், ஊறுகாய் வெங்காயம் ஆகியவை கொழுப்பின் திகட்டலைக் குறைப்பவை.

பானையும் அடுப்பும்

கக்லோன் எனப்படும் ஃபொண்டூப் பானை, தடித்த சுட்ட மண்ணாலோ எனாமல் பூசிய வார்ப்பிரும்பாலோ ஆனது. அகன்று ஆழம் குறைந்திருக்கும். மெல்லிய அலுமினியம் அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் அடி மட்டும் சூடேறிச் சீஸ் பிடித்துக்கொள்ளும். மண்பானை இன்டக்ஷன் அடுப்பில் சூடாகாது, அதற்கென்று உலோக அடி பதித்த வகையைத்தான் வாங்க வேண்டும். பழகிய தடித்த மண்சட்டியிலும் செய்யலாம், ஆனால் முந்தைய நாள் மீன் கொதித்த சட்டி வேண்டாம். சீஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

மேசையில் வைக்கும் சிறு அடுப்புக்கு ரெஷோ என்று பெயர். மெழுகுவர்த்தி வகைகளின் சூடு சாக்லேட்டுக்குப் போதும், இந்த ஃபொண்டூவுக்குப் போதாது. திரவ எரிசாராயத்தைவிடப் பசை வடிவ எரிபொருள் பாதுகாப்பானது. எதுவானாலும், எரிந்துகொண்டிருக்கும்போதோ சூடு ஆறாதபோதோ எரிபொருளை நிரப்பக் கூடாது; பகல் வெளிச்சத்தில் சாராயச் சுடர் கண்ணுக்கே தெரியாமல் எரியும் என்பதால் இந்த ஒன்றில் அலட்சியம் காட்டுவது ஆபத்து. ஒரு சன்னலைச் சற்றுத் திறந்து வைக்கவும்.

செய்முறை

சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே சீஸைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். மேலோட்டை நீக்கி, குருயேரைப் பெரிய துளையில் துருவிக்கொள்ளுங்கள். வாஷ்ரான் துருவலுக்கு வளையாது, கையில் ஒட்டும். கத்தியால் சிறு துண்டுகளாக வெட்டினால் போதும். இரண்டையும் தனித்தனியே வைக்கவும். துருவிய குருயேரின் மேல் கார்ன்ஃப்ளவரைத் தூவி, ஒவ்வோர் இழையிலும் வெண்மை படியும்வரை கையால் பிசறிவிட வேண்டும். மாவைப் பிற்பாடு சூடான குழம்பில் நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாக வெந்துவிடும், பிறகு அதை உடைக்க முடியாது.

பூண்டை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தால் பானையின் உட்புறம் முழுவதையும் தேய்க்கவும். தேய்த்த பூண்டை நசுக்கிப் பானையிலேயே விட்டுவிடுவது என் வழக்கம். வைனையும் எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றி மிதமான தீயில் வைக்கவும். ஓரங்களில் சிறு குமிழிகள் எழுந்து, மேலே ஆவி பறக்கும்போது அடுத்த வேலையைத் தொடங்கலாம். அதைத் தளபுளவென்று கொதிக்க விட வேண்டியதில்லை.

இப்போது மாவு பிசறிய குருயேரில் ஒரு கைப்பிடி எடுத்துத் தூவி, மரக்கரண்டியால் எட்டு என்ற எண்ணின் வடிவில் கிளற வேண்டும். வட்டமாக மட்டும் சுற்றினால் நடுவில் சீஸ் பந்தாகத் திரளும். எட்டு வடிவம் பானையின் நடுவையும் ஓரத்தையும் மாறி மாறித் தொடுகிறது. முதல் கைப்பிடி கரைந்து காணாமல் போன பின்னரே அடுத்ததைப் போடவும். முதல் சில நிமிடங்களில் கலவை வேடிக்கையாக நடந்துகொள்ளும்: வைன் ஒரு பக்கமும் சீஸ் கட்டி ஒரு பக்கமுமாகப் பிரிந்து, மோரில் மிதக்கும் வெண்ணெயைப் போலத் தோன்றும். அதைப் பார்த்துத் தீயைக் கூட்டுபவர்கள்தாம் கெடுத்துக்கொள்கிறார்கள். தீயை அப்படியே விட்டுக் கிளறிக்கொண்டிருந்தால், பாதிச் சீஸ் போய்ச் சேர்ந்த வேளையில் இரண்டும் ஒன்றாகத் தொடங்கும்.

குருயேர் முழுவதும் கரைந்ததும் ஓரிரு நிமிடங்கள் தொடர்ந்து கிளறுங்கள். கார்ன்ஃப்ளவர் 65 டிகிரி செல்சியஸ் அளவில்தான் தடிக்கத் தொடங்குகிறது; அது முழுமையாக வெந்தால்தான் கொழுப்புத் துளிகள் ஒன்றுசேராமல் தடுக்கும். அடியிலிருந்து ஒரு பெரிய குமிழி மெதுவாக எழுந்து 'ப்ளக்' என்று உடைந்தால் சூடு போதுமான அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். உடனே தீயை மிகவும் குறைக்கவும். இதற்கு மேல் கொதித்தால் புரதம் சுருங்கி, தன்னிடமுள்ள நீரையும் கொழுப்பையும் பிழிந்து வெளியே தள்ளிவிடும்.

தீயைக் குறைத்த பின்னரே வாஷ்ரான் துண்டுகள். குருயேரைவிட எளிதில் உருகும் இந்தச் சீஸுக்கு அந்த மிச்சச் சூடே போதும். அது கரைந்ததும் கிர்ஷ், மிளகு, ஜாதிக்காய் சேர்க்கவும். கரண்டியைத் தூக்கினால் குழம்பு அறுந்தறுந்து விழாமல், நாடாவைப் போல வழிந்து, விழுந்த இடத்தில் ஒரு நொடி மடிப்புத் தெரிந்து மறைய வேண்டும். ஒரு ரொட்டித் துண்டைத் தோய்த்துப் பாருங்கள்: உடனே வழிந்துவிட்டால் நீர்த்திருக்கிறது, மேலே மேடாக நின்றால் கெட்டியாகிவிட்டது. முழு வேலைக்கும் கால் மணி நேரம் முதல் இருபது நிமிடங்கள் ஆகும். மேசைக்கு எடுத்துச் செல்வதற்குச் சற்று முன் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைச் சேர்த்து விரைவாகக் கிளறினால், அமிலத்தோடு சேர்ந்து நுரைத்துக் குழம்பு இலேசாகும். சிலருக்கு அந்த நுரைப்பு பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

கெட்டுப்போனால்

எண்ணெய் பிரிந்து மிதந்தால் பயப்பட வேண்டாம். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளவரை இரண்டு மேசைக்கரண்டி வைனிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கரைத்து ஊற்றி, கரண்டியை விட்டுவிட்டுக் கம்பி மத்தால் மிதமான தீயில் வேகமாக அடிக்க வேண்டும். கயிறாக இழுபட்டால் குறை பெரும்பாலும் அமிலத்தில்தான். எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கவும். கெட்டியானதைத் தளர்த்தச் சூடாக்கிய வைனையே ஊற்ற வேண்டும், குளிர்ந்த வைன் குழம்பை அதிரவைத்துத் திரித்துவிடும். நீர்த்துவிட்டால் கரைத்த மாவு. மணல்மணலாகத் திரிந்தது மட்டும் முழுமையாகத் திரும்பாது, ஏனெனில் அது சூட்டில் சுருங்கிய புரதம்.

மேசையில்

சமையல் அடுப்பிலிருந்து இறக்கியவுடன் வேலை முடிந்துவிடாது. மேசையில் ரெஷோவின் சுடரை, குழம்பின் மேற்பரப்பில் எப்போதாவது ஒரு குமிழி மட்டும் எழும் அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். உண்பவர் ஒவ்வொருவரும் ரொட்டியை மேலே மட்டும் நனைக்காமல் அடிவரை இறக்கி ஒருமுறை எட்டு போட்டு எடுக்க வேண்டும்; எல்லோரும் சேர்ந்து கிளறுவதால்தான் அது அடிபிடிக்காமல் இருக்கிறது. முள்கரண்டியில் வரும் துண்டைப் பற்களாலேயே இழுத்துக்கொள்வதும் தட்டில் வைத்து வேறு கரண்டியால் உண்பதும் அவரவர் விருப்பம். நாக்குச் சுடாமலிருக்க இரண்டாவதே நல்லது. ரொட்டியைப் பானைக்குள் தவறவிடுபவர் வைன் வாங்கித் தர வேண்டும் என்பதுபோன்ற விளையாட்டுத் தண்டனைகள் அங்கே வீட்டுக்கு வீடு மாறுபடும்.

கூடவே என்ன குடிப்பது என்பதில் சுவிஸ் மக்கள் பிடிவாதமானவர்கள். வெள்ளை வைன் அல்லது சூடான கறுப்புத் தேநீர்தான், குளிர்ந்த நீர் குடித்தால் வயிற்றில் சீஸ் கல்லாக இறுகிவிடும் என்பார்கள். சூரிச்சில் இருபது ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஃபொண்டூவுடன் வைனும் தேநீரும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. வைனும் உணவுக்குப் பின் அருந்திய கிர்ஷும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தின, அதே சமயம் அசௌகரியத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. செரிமானத்துக்கு என்று சொல்லிக் குடிக்கும் கிர்ஷ் செரிமானத்துக்கு உதவுவதில்லை என்பது மட்டும் உறுதி.

வாஷ்ரான் மட்டும் சேர்த்துச் செய்யும் முறை

ஃப்ரிபூர் பகுதியில் இன்னொரு முறை உண்டு. மதுவும் மாவும் வேண்டாதவர்கள் இதை அறிந்துகொள்வது பயன் தரும். 800 கிராம் வாஷ்ரான் ஃப்ரிபூர்ஷ்வாவைச் சிறு துண்டுகளாக வெட்டி, பூண்டு தேய்த்த பானையில் 150 மில்லிலிட்டர் நீருடன் மிகச் சிறு தீயில் வைத்துக் கரைக்க வேண்டும். 50 டிகிரி அளவே போதும், விரல் நுனியால் தொட்டால் இதமான சூடு தெரியும். இதற்கு மேல் போனால் பிரிந்துவிடும், தடுக்க மாவும் இல்லை. மேசையிலும் ரெஷோவுக்குப் பதிலாகச் சிறு மெழுகுவர்த்தியே போதுமானது. இதை ரொட்டியைவிட உருளைக்கிழங்கின் மேல் ஊற்றி உண்பதே சுவை.

அடிக்காந்தலும் கழுவுதலும்

பானையில் மெல்லிய படலம் மட்டும் எஞ்சியிருக்கும்போது கிளறுவதை நிறுத்தி, சுடரை மிகக் குறைவாக வைத்து ஐந்து நிமிடங்கள் விட்டால், அடியில் பொன்னிறமான ஒரு காந்தல் பிடிக்கும். அதற்கு 'ரெலிஜியூஸ்' என்று பெயர். கரண்டியின் முனையால் நெம்பி எடுத்துப் பகிர்ந்துகொள்வார்கள். மொறுமொறுப்பும் உப்பும் கூடிய அதற்காகவே பானையைச் சுற்றிக் காத்திருப்பவர்கள் உண்டு. வேறு சில வீடுகளில் எஞ்சிய குழம்பில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறி முடிப்பார்கள்.

குழம்பு அதிகமாக மிஞ்சினால் மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைத்திருக்கலாம். மறுபடி சூடாக்கும்போது சிறிது வைன் விட்டு மெல்லிய தீயில் கிளற வேண்டும், அல்லது ரொட்டியின் மேல் தடவி ஓவனில் வாட்டிவிடலாம். வெறும் பானையைச் சூடு ஆறியபின் குளிர்ந்த நீரில் சமையல் சோடா போட்டு இரவு முழுவதும் ஊறவிட்டால், ஒட்டியிருப்பது ஏடாக உரிந்து வரும். மண்பானையைச் சூட்டோடு குளிர்ந்த நீரில் வைத்தால் விரிசல் விடும், கம்பி நாரால் தேய்த்தால் பூச்சுப் போய்விடும். மரக்கரண்டியும் மென்மையான நாரும் போதும்.